ஒரு புழுக்கைக்காகக் காத்திருந்த மத்தியானம்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பெண்களுக்கும் எழுதுகிறேன். நான் வேலையை விட்டு நின்ற அன்று முதலாளி என்னைப் பார்த்து, உனக்குத் தெரிந்ததை நாலு வார்த்தை இவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போம்மா என்றார். எழுந்து நின்றேன். "எல்லாம் நல்லா பாத்துக்குங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பேசத்தான் எனக்கு வராது. எழுதுவதற்கு எதிரே ஆள் வேண்டாம் என்பதால் இதை எழுதிப் பார்க்கிறேன். கூண்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, குருவிக்குத் தினை போடுவது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். அதை எழுதப் போவதில்லை. முயலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நம் கடையில் அதிகம் விற்பதும் அதுதான், வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே அதிகம் செத்துப்போவதும் அதுதான்.

நான் சேர்ந்த முதல் மாதமே ஒரு சாம்பல் நிற முயல் செத்துப்போனது. நம் கடைக்கு வாரம் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போகும் டாக்டரம்மாவிடம், காலையில்கூட நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது, கண் பளபளவென்று இருந்தது என்று சொன்னேன். அப்போது அவர் வேலைக்குப் புதுசு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். சிரிக்காமல் சொன்னார்:

"முயல் மூஞ்சப் பாத்து ஒன்னும் தெரியாதுக்கா. சாவக் கெடந்தாலும் அது அழகாத்தான் உக்காந்திருக்கும். நோவு இருக்குதுன்னு காட்டினா நரி புடிச்சிக்கும்னு அதுக்குப் பயம். முன்னாடி நின்னு அழகு பாக்கறத வுட்டுட்டு, பின்னாடி போயி கீழ பாருங்க. புழுக்க போடுதா, உருண்டையா போடுதா, எவ்ளோ போடுது. அதான் அதோட ரிப்போர்ட்டு."

எனக்கு அந்த வைத்தியம் பிடித்துப்போனது. முகத்தைப் பார்ப்பதில்தான் எனக்குக் கூச்சம். கீழே பார் என்றால் நாள் முழுக்கப் பார்ப்பேன். அன்றிலிருந்து காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு கூண்டுக்கும் கீழேதான் முதலில் பார்ப்பேன். ஒரு முயல் ஒரு வேளை தின்னாமல் இருந்தால் விசாரிக்க வேண்டும். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். ஆடு மாடு போல நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. அதன் குடல் நின்றுபோனால் தானாக மறுபடி ஓடாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் செய்த தப்பைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆயுத பூசை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனியிலும் முந்தின நாளே பூசையை முடித்து ஆளுக்கு ஒரு பை பொரி கடலையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லீவு என்றால் ஜனம் குடும்பத்தோடு நம் கடைக்கு வந்துவிடும். பாதிப் பேர் வாங்க வருவதில்லை. மீனைப் பார்க்க, கிளியைக் கூப்பிட்டுப் பார்க்க வருகிறவர்கள். அன்றைக்கு நிற்க இடமில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் வந்தார். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். நல்ல உயரம், பெரிய மீசை. மெஷின் சத்தத்துக்கு நடுவிலேயே பேசிப் பழகியவர் என்பதால் கடைக்குள்ளும் அதே சத்தத்தில்தான் பேசினார். கூட நாலாவது படிக்கும் மகள். அந்தப் பெண் ஒரு வெள்ளை முயலைக் காட்டினாள். மூன்று மாதக் குட்டி, நல்ல ஆரோக்கியம், காது சுத்தம், மூக்கில் ஈரம் இல்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நம் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். முயல் தனியாக வெளியே போகாது. அதுவரை அது தின்றுகொண்டிருந்த தீனியில் ஒரு பையும், ஒரு பிடி காய்ந்த புல்லும் கூடவே போகும். புது இடம், புது ஆட்கள், அதோடு சாப்பாடும் புதுசு என்றால் அதன் வயிறு தாங்காது. அன்று கூட்டத்தில் பைகள் தீர்ந்துபோயிருந்தன. கட்டலாம் என்று உள்ளே திரும்பினேன். அப்போது அந்த மனுஷர் கேட்டார்.

"யம்மா, இது இன்னா துன்னும்?"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியும். புல்லுதான் முக்கால் வயிறு, கடைத் தீனி கொஞ்சம், கீரை கொஞ்சம், வேறு எதுவும் வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம். அவ்வளவுதான். அதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகும். அரை நிமிஷம் அத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"எல்லாம் துன்னும்" என்று சொல்லிவிட்டுத் தீனி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டேன். முயல் தீனிப் பை இல்லாமலே போனது.

மறுநாள் விஜயதசமி. முதலாளி மச்சான் வீட்டுக்கு ஆரணி போய்விட்டார். நான் மட்டும் வந்து பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே இருப்பவற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். கடை போன் மேசை மேல் இருந்தது. அடித்தால் எடு என்று சொல்லித்தான் வைத்துவிட்டுப் போனார். நான் எடுக்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும். அதுவரை நான் அந்தப் போனைத் தூசு தட்டத்தான் தொட்டிருக்கிறேன்.

பதினொன்றரை இருக்கும், அடித்தது. விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. மூன்றாவது தரமும் அடித்தது. நாலாவது தரம் எடுத்துக் காதில் வைத்தேன்.

"அண்ணா, நேத்து வெள்ள முயல் வாங்கினு போனேனே, ஃபோர்க்லிஃப்ட்காரன்."

நான் அண்ணா இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ம்" என்றேன்.

"சூப்பர் முயல்ணா. அவ்ளோ சமத்து. காலைலேந்து ஒரே எடத்துல உக்காந்துகினு கீது. எங்க ஊட்டுக்காரம்மா இத வாங்கவே வாணாம்னாங்க, ஊட்ட நாறடிக்கும்னு. ஒரு வாரம் பாப்பேன், அசிங்கம் பண்ணா கடைலயே போயி வுட்டுட்டு வருவேன்னு கண்டிஷன். இப்பப் பாத்தா ராத்திரிலேந்து ஒரு புழுக்க கூட போடலணா. அவங்களே அசந்துட்டாங்க. அதான், இதுக்கு ஜோடியா இன்னொன்னு கீதா?"

அவர் குறை சொல்லக் கூப்பிடவில்லை. பாராட்டக் கூப்பிட்டார், இன்னொன்று வாங்கக் கூப்பிட்டார்.

"துன்னுச்சா?" என்றேன்.

"நேத்து ஃபுல் கட்டு. பொரி, பொட்டுக்கடல, வெல்லம், வாழப்பழம். காலைல தட்டு ரொம்ப வெச்சிருக்குது, தொடவே இல்ல. வயிறு ரொம்பிட்டாப்ல கீது. யாரு பேசறது, கடைல கீற அம்மாவா?"

இந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்கலாம். கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும். செத்தால் வேறு ஒன்று கொடுத்துவிடலாம், லீவு நாளில் எதற்குப் பேஜார் என்பார். கெட்டவர் இல்லை, கடை நடத்துகிற எல்லோரும் சொல்வதுதான். கேட்டபிறகு அதை மீறிப் போக முடியாது. அதனால் கேட்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரரிடம் வீடு எங்கே என்று கேட்டேன். முயல் சமத்தாக இல்லை, உடம்பு சரியில்லை, நான் வருகிறேன் என்றேன். அவர் வழி சொன்னார்.

அடுத்து டாக்டரம்மாவுக்கு அடித்தேன். அவர் லீவுக்கு ஆர்.கே.பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் மூன்று மணிக்கு மேல் ஆகிவிடும் என்றார். அதுவரை வெதுவெதுப்பாக வைத்திருக்கச் சொன்னார், பழைய கூண்டில் இருந்த சாக்கை எடுத்துப்போகச் சொன்னார், அந்த வாசனை தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையுமாம். கடைசியாக ஒன்று சொன்னார்.

"நான் வந்து வயித்தத் தொட்டுப் பாக்கற வரைக்கும் வாயில ஒரு சொட்டு ஊத்தக் கூடாதுக்கா. யாரு சொன்னாலும் சரி. அடைச்சிருந்தா ஊத்தறது எறங்காது, கொன்னுடும்."

சாக்கு, புல்லுக் கட்டு, ஒரு பை தீனி. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

எஸ்டேட்டுக்குப் பின்னால் லைன் வீடு, மூன்றாவது கதவு. முயல் சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. நெற்றியில் குங்குமம், இரண்டு காதிலும் சந்தனம். பக்கத்தில் மகளின் புத்தகங்கள், ஒரு ஸ்பேனர் செட். கிட்டே போனால் ஷாம்பு வாசனை.

"குளிப்பாட்டினீங்களா?" என்றேன்.

"பூசைல வெக்கும்போது குளிப்பாட்டாம எப்டிமா? பைக்கயே கழுவித்தான வெச்சோம்."

அது நியாயமான கேள்வி.

காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வயிற்றில் கை வைத்தேன். உப்பியிருந்தது, கல் போல இல்லை. முதுகைக் கூனிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மெல்லியதாக வரும். சந்தோஷத்தில் கடிக்கிறது என்று நினைப்பார்கள். உடம்பு தளர்ந்து நிம்மதியாகக் கிடக்கும்போது வந்தால் சந்தோஷம். இப்படிக் கூனிக்கொண்டு கடித்தால் அது வலி.

நிலைமையைச் சொன்னேன். அவ்வளவு பெரிய ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் சாகுமா என்று என்னைத்தான் கேட்டாள். தெரியவில்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவு வேகமாகப் பொய் வராது.

தண்ணீர் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, துண்டில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். சாக்கை விரித்து அதன் மேல் உட்கார வைத்தேன். புல்லை முன்னால் போட்டேன். அதற்குள் லைன் வீடு முழுக்கச் செய்தி போய், வாசலில் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் வேப்பெண்ணெய் என்றார். இன்னொருத்தர் சோடா என்றார். பக்கத்து வீட்டுப் பெண்மணி கையில் ஓமவாட்டர் பாட்டிலும் சொட்டு விடும் ஃபில்லருமாகவே வந்துவிட்டார். அவர் பிள்ளைகள் மூன்று பேரும் அதில்தான் வளர்ந்தார்களாம், போன மாதம் கோழிக்கும் கொடுத்தாராம், ஒரு நிமிஷத்தில் கோழி எழுந்து ஓடியதாம். ஃபோர்க்லிஃப்ட்காரர் பாட்டிலுக்குக் கையை நீட்டினார்.

"வேணாம்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

"வேணாங்க." அதுவும் கேட்கவில்லை. அவர் முயலின் வாயைத் திறக்கப் போய்விட்டார்.

நான் ஃபில்லரைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். எப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். "டாக்டரம்மா வர வரைக்கும் இது வாயில ஒன்னும் போவக் கூடாது. போனா செத்துடும்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

ஓமவாட்டர் பெண்மணி இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரும்மா இவங்க, முயலுக்கு மாமியாரா?" என்றார். வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் நல்லதாகப் போயிற்று, கூட்டம் கலைந்தது. அந்தப் பெண்மணியே போகும்போது கதவைச் சாத்தி, முயலுக்குச் சத்தம் ஆகாதுபோல என்று மற்றவர்களை அதட்டிக்கொண்டே போனார்.

உள்ளே நாங்கள் மூன்று பேர். கொஞ்ச நேரம் கழித்து ஃபோர்க்லிஃப்ட்காரர் மெதுவாகக் கேட்டார். அவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க எல்லாம் துன்னும்னு சொன்னீங்களேமா."

கூட்டத்தில் சத்தம், காதில் சரியாக விழவில்லை, பை தீர்ந்துவிட்டது என்று எத்தனையோ சொல்லலாம். எல்லாமே கொஞ்சம் உண்மைதான்.

"ஆமா தம்பி. நான்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் முயலுக்கு முன்னால் இருந்த பொரித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் போனதும் மகள் என் காதருகே வந்தாள்.

"அது அப்பா வெக்கல ஆன்ட்டி. அம்மா வெச்சாங்க. ஷிஃப்டுக்குப் போவும்போது வெல்லம் கூட போட்டு வெச்சிட்டு, அப்பாகிட்ட சொல்லாதன்னாங்க."

அந்த அம்மாவுக்கு அன்று லீவு இல்லை. பேக்கிங் கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்டு, வர ஆறு மணி ஆகும்.

இனி டாக்டரம்மா வரும்வரை உட்கார்ந்திருந்ததுதான். அந்த நேரத்தில் நான் யோசித்ததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் யாரும் முயலை அலட்சியம் செய்யவில்லை. பைக்கைக் கழுவுவது போலக் கழுவினார்கள், சாமி பக்கத்தில் வைத்தார்கள், வீட்டில் இருந்த நல்லதையெல்லாம் தட்டில் வைத்தார்கள். முயலை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்ததும் அதுதான். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. உங்கள் மூன்று பேரில் ஒருத்தி என்னைப் போலத்தான் இருக்கிறாள், பார்த்தேன், வாடிக்கையாளர் வந்தால் மீன் தொட்டிப் பக்கம் போய்விடுகிறாள். கூச்சம் நம் சொந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் கூச்சத்தைத் தூக்கிக்கொண்டு போவது வேறு ஓர் உயிர். அதற்கப்புறம் நான் வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினேன். புல்லு முக்கால் வயிறு. பழைய தீனியை ஒரு வாரம் மாற்றாதீங்க. குளிப்பாட்டாதீங்க. தினம் கீழே பாருங்க. நாலு வரி. ஆளைப் பார்க்க முடியாவிட்டால் முயலைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள், நான் அப்படித்தான் சொல்லுவேன். வாங்குகிறவர்களும் முயலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உங்களை யாரும் பார்ப்பதில்லை.

ஷட்டரை இழுத்துவிட்டுப் போனதற்கு முதலாளி இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது நாள் அவரே ஐம்பது தீனிப் பை கட்டி வாசலருகே ஆணியடித்து மாட்டச் சொன்னார். அந்த ஆணிதான் இன்றைக்கும் இருக்கிறது.

டாக்டரம்மா மூன்றரைக்கு வந்தார். தலையில் கனகாம்பரம், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். காற்றுதான் அதிகம், அடைப்பு இல்லை என்று நினைக்கிறேன் என்றார். இரண்டு ஊசி போட்டார். தோலுக்கு அடியில் தண்ணீர் ஏற்றினார். நல்லதா என்று ஃபோர்க்லிஃப்ட்காரர் கேட்டார். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "அது ஒரு புழுக்க போட்டா நல்லது. போடலன்னா இல்ல" என்றார்.

அப்புறம் நாலு பேரும் தரையில் உட்கார்ந்து முயலின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாலரை ஆயிற்று. அஞ்சு ஆயிற்று. ஓமவாட்டர் பெண்மணி ஜன்னல் வழியாக ஒரு தரம் எட்டிப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டார், நான் இல்லை என்று தலையை ஆட்டினேன், போய்விட்டார். அஞ்சேகாலுக்கு முயல் ஒரு புல்லை மோந்தது. விட்டுவிட்டது. மறுபடி மோந்தது, ஓர் இழையை இழுத்துக் கடித்தது. மகள் கை தட்டப் போனாள், அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஓர் இழை உள்ளே போய் முடிய அவ்வளவு நேரம் ஆயிற்று. கடை முழுக்கத் தின்கிற முயல்களைப் பார்த்த நான், ஒரு முயல் தின்பதை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது எழுந்து இரண்டடி நகர்ந்தது. சாக்கை விட்டு இறங்கி, காலையில் துடைத்த தரையில் போய் நின்றது. ஒன்று விழுந்தது. மிளகு அளவுதான் இருக்கும்.

ஃபோர்க்லிஃப்ட்காரர் அதைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மற்றொன்று விழுகிறதா என்று தரையோடு தரையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. வீட்டுக்கார அம்மா தோளில் டிபன் பையோடு நின்றார். ஒல்லியான பெண், கம்பெனி ஓவர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்குள் தெரியாத பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி பட்டுப்புடவையில், ஒருத்தி தரையில்.

"இன்னா எல்லாரும் கீழ பாத்துகினு கீறீங்க? இன்னா தொலஞ்சி போச்சி?"

அந்த வீட்டில் அசிங்கம் பண்ணினால் முயலுக்கு இடமில்லை என்ற கண்டிஷன் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் கணவர் எழுந்து போய் உள்ளங்கையை அவரிடம் நீட்டினார். காலையிலிருந்து நடந்ததை முழுக்க, அவருடைய பழைய சத்தத்தில் சொல்லி முடித்தார். காலையில் பொரித் தட்டை வைத்தது யார் என்பது மட்டும் அதில் வரவில்லை. மகள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பொரி என்று அவர் சொன்ன இடத்தில் அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அவர் கணவரின் உள்ளங்கையைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். டிபன் பையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, தான் துடைத்த தரையில் உட்கார்ந்தார்.

"ஒன்னுதான் போட்டுச்சா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டார். "இன்னும் போடும்ல?"